உறைந்து ஒட்டிய கார்க் கதவு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

குளிர்காலக் காலையில் கார்க் கதவு திறக்க மறுத்தால் எல்லோரும் குளிரைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் ஈரமே இல்லாத கதவு மைனஸ் 20 டிகிரி செல்சியஸிலும் எளிதாகத் திறந்துவிடும். பகலில் 2 அல்லது 3 டிகிரி வரை ஏறி, கூரையில் கிடந்த பனி இளகி வழிந்து, இரவில் வெப்பநிலை 0 டிகிரிக்குச் சற்றே கீழே இறங்கினால் போதும், அதே கதவு மறுநாள் அசையாது. ஆகவே கதவு எதனால் சிக்கியிருக்கிறது என்று கண்டறிய விரும்புபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தண்ணீர் எந்த இடத்தில் போய்த் தங்கியது என்பதே.

கார்க் கதவில் தண்ணீர் தங்கி உறையும் இடங்கள் முக்கியமாக ஐந்து: கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை (பழுது பார்ப்பவர்கள் பீடிங் என்பார்கள்), வெளிக் கைப்பிடியும் அதன் கேபிளும், சாவித் துளை, கதவின் விளிம்பில் இருந்து அதை மூடிய நிலையில் பிடித்துக்கொள்ளும் லாட்ச், கண்ணாடி இறங்கி ஏறும் பள்ளம். ஒவ்வொன்றும் உறையும்போது கை உணரும் தடை வேறு, காதில் விழும் ஒலி வேறு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகக் கைப்பிடியைப் பலங்கொண்ட மட்டும் இழுப்பதால்தான், பனியால் வந்த சிறு தொல்லை உடைந்த கைப்பிடியிலும் கிழிந்த ரப்பரிலும் போய் முடிகிறது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் இரண்டு விஷயங்களை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். ஒன்று, காரை ஒருமுறை சுற்றி வந்து எல்லாக் கதவுகளையும், டிக்கியையும் மெதுவாகச் சோதித்துப் பார்ப்பது. காற்று ஒரு பக்கமாக அடித்திருக்கும், வெயில் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்திருக்கும். நான்கு கதவுகளும் ஒரே அளவில் உறைவது அரிது. ஒரு கதவு திறந்துவிட்டால் உள்ளே ஏறி எஞ்சினை இயக்கி ஹீட்டரைப் போட்டுவிடலாம், மற்றக் கதவுகள் தாமாக இளகிவிடும். அப்படி எஞ்சினை ஓடவிடும்போது புகைபோக்கியின் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்து விலக்க வேண்டும்; மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவே விடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இரண்டு, கொதிக்கும் நீரையோ வெந்நீரையோ கதவின் மீது ஊற்றக் கூடாது. உறைந்திருக்கும் கண்ணாடி திடீர் வெப்பத்தைத் தாங்காமல் விரிசல் விடக்கூடும். விரிசல் விடாமல் தப்பினாலும், ஊற்றிய நீர் இடுக்குகளுக்குள் இறங்கிச் சில நிமிடங்களில் மறுபடி உறைந்து, முன்பு ரப்பரில் மட்டும் இருந்த சிக்கலை லாட்சுக்கும் சாவித் துளைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வெப்பம் வேண்டுமென்றால் வெதுவெதுப்பான நீரை ரப்பர்ப் பையில் ஊற்றி, வாயை இறுக மூடி, உறைந்த விளிம்பில் வைத்து ஒற்றலாம். வெப்பம் இடுக்குக்குள் போகும், ஈரம் உள்ளே போகாது.

அறிகுறி: பூட்டு திறந்த ஒலி கேட்கிறது, கைப்பிடியும் வழக்கம்போல் அசைகிறது, ஆனால் கதவு வரவில்லை

மிகுதியாகக் காணப்படும் சிக்கல் இதுதான். லாட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது; கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது ரப்பர் பட்டைக்கும் கதவுச் சட்டத்துக்கும் இடையே உறைந்த மெல்லிய நீர்ப்படலம். கையில் பட்டென்ற தடை தெரியாது. கதவின் மேல் ஓரமோ கீழ் ஓரமோ சற்றே விலகி வந்து, மற்றொரு பகுதியில் இழுபடுவது போன்ற உணர்வு இருக்கும்.

இந்த நிலையில் கதவை இழுப்பதற்கு முன் தள்ள வேண்டும். உள்ளங்கைகளையோ தோளையோ கதவின் விளிம்பை ஒட்டி வைத்து, உடல் எடையைச் சாய்த்து உள்நோக்கி அழுத்தினால், ரப்பர் சிறிது நசுங்கும். பனிக்கட்டியால் நசுங்க முடியாது, ஆகவே அது நொறுங்கும். மேல் மூலை, கீல் இல்லாத பக்கத்தின் நடுப்பகுதி, கீழ் மூலை என்று இடம் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். நொறுங்கும்போது மெல்லிய சடசடப்பு கேட்கும். அதன் பிறகு கைப்பிடியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கதவின் விளிம்பைப் பிடிக்க இடம் கிடைத்தால் அங்கிருந்து சீராக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ரப்பர் சட்டத்தில் ஒட்டியபடியே நிற்க, கதவு மட்டும் கிழித்துக்கொண்டு வரும். கண்ணாடியின் மீது மட்டும் அழுத்த வேண்டாம்.

தள்ளியும் அசையாவிட்டால் கதவு இடுக்கில் பனி நீக்கித் திரவம் தெளிக்கலாம். கடையில் வாங்கியது இல்லையென்றால் இரண்டு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் ஒரு பங்கு தண்ணீரும் கலந்த தெளிப்பான் அதே வேலையைச் செய்யும். தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் உறைவதற்கு மைனஸ் 89 டிகிரி வரை போக வேண்டும்; அதனால்தான் நீருடன் கலந்த பின்பும் அது கடும் குளிரில் திரவமாகவே நின்று பனியைக் கரைக்கிறது. குளிர்காலத்துக்கென விற்கும் கண்ணாடி கழுவும் திரவத்திலும் ஆல்கஹால் உண்டு. அவசரத்துக்கு அதையும் பயன்படுத்தலாம். பலரும் பரிந்துரைக்கும் வினிகர் இங்கே பெரிதாகப் பயன்படாது. சமையலறையில் இருக்கும் 5 சதவீத வினிகரின் உறைநிலை தண்ணீரைவிட ஏறக்குறைய 2 டிகிரிதான் குறைவு. அதற்கும் கீழே இறங்கிய காலையில் அது தானும் சேர்ந்து உறையும். உப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், இரும்புச் சட்டத்தை அது துருவுக்குத் தாரை வார்த்துவிடும்.

மின்சார வசதி அருகில் இருந்தால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் விளிம்பு நெடுகிலும் நகர்த்திக் காட்டலாம். ஈரத் தரையில் மின்கம்பி கிடக்கக் கூடாது. ஆல்கஹால் தெளித்த இடத்தில் ஹேர் டிரையரையும் காட்டக் கூடாது; அது எரியும் பொருள். உலோகத் தகடு, ஸ்குரூ டிரைவர், கத்தி போன்றவற்றை இடுக்கில் நுழைத்து நெம்புவதைவிடச் சற்று நேரம் காத்திருப்பது மேல். பெயின்ட் போனால் அந்த இடத்தில் துரு ஏறும், ரப்பர் வெட்டுப்பட்டால் அடுத்த உறைவு அந்த வெட்டிலேயே தொடங்கும்.

இது மறுபடி நேராமல் தடுக்கும் வேலை ரப்பரில்தான் இருக்கிறது, ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கதவைத் திறந்து ரப்பர் பட்டையை உற்றுப் பார்த்தால், அது ஒரே வழுவழுப்பான குழாயாக இல்லாமல், உதடுபோல் நீளும் மடிப்புகளும் அவற்றுக்கிடையே குறுகிய பள்ளங்களும் கொண்டிருப்பது தெரியும். அந்தப் பள்ளங்களில் சாலையின் புழுதியும் உப்புத்தூளும் படிந்து நீரைப் பிடித்துவைக்கின்றன. கீழ் மூலை வளையும் இடத்தில் கார் நின்ற பிறகும் சொட்டுச் சொட்டாக நீர் தேங்கியிருப்பதை விரலால் தொட்டே உணரலாம். குளிர்காலம் தொடங்கும் முன் இந்தப் பட்டையை வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த துணியால் மடிப்பு மடிப்பாகத் துடைத்து, முழுமையாக உலரவிட்டு, பிறகு சிலிகான் பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் உள்ளே இருக்கும் ஈரத்தைத்தான் பாதுகாப்போம்.

சிலிகானைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய கார்களின் கதவு ரப்பர் பெரும்பாலும் இ.பி.டி.எம். எனப்படும் செயற்கை ரப்பர். வெயில், ஓசோன், குளிர் எல்லாவற்றையும் தாங்கும் அது பெட்ரோலிய எண்ணெய்களை மட்டும் தாங்காது. அவற்றை உறிஞ்சி ஊதி, நாளடைவில் மென்மையாகிப் பதம் இழக்கும். வாசலின், எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் போன்றவற்றைக் கதவு ரப்பரில் தேய்க்கக் கூடாது என்பது அதனால்தான். சிலிகான் அந்த ரப்பரைத் தின்னாது, நீரையும் ஒட்டவிடாது. கிளிசரினும் ரப்பருக்குத் தீங்கு செய்யாது; ஆனால் நீரில் கரைவதால் சீக்கிரம் கழுவப்பட்டுப் போகும்.

ஸ்பிரேயாக வாங்கினாலும் நேராகக் கதவின் மீது அடிக்காமல் துணியிலோ பஞ்சிலோ அடித்துத் தடவுவதே நல்லது. காற்றில் பறக்கும் சிலிகான் முன்கண்ணாடியில் படிந்தால் வைப்பர் ஓடும்போதெல்லாம் மங்கல் கோடு விழும். மிதிகளிலும் ஸ்டீயரிங்கிலும் படிந்தால் வழுக்கும். ரப்பருக்கு மட்டுமன்றி, கதவு மூடும்போது ரப்பர் எங்கே அழுந்துகிறதோ அந்த உலோகப் பரப்புக்கும் ஒரு மெல்லிய பூச்சு கொடுக்க வேண்டும். பெரும்பாலான அறிவுரைகளில் இந்த இரண்டாவது பாதி விடுபட்டுவிடுகிறது, பனியோ இரண்டு பரப்புகளையும் சேர்த்துத்தான் பிடிக்கிறது. கார் தினமும் வெளியில் நிற்பதாக இருந்தால் குளிர்காலம் முடியும்வரை மாதம் ஒருமுறையாவது இந்தப் பூச்சைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். ஆல்கஹால் தெளித்துக் கதவைத் திறந்த நாளில், அது சிலிகானையும் சேர்த்துக் கழுவியிருக்கும் என்பதால், ரப்பர் உலர்ந்ததும் மறுபடி பூச வேண்டும்.

அறிகுறி: கைப்பிடியே அசையவில்லை

கைப்பிடிக்கும் கதவுத் தகட்டுக்கும் இடையில் உள்ள குழியில் நீர் உறைந்திருக்கிறது. குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெறுவதால், இங்கே பலத்தைக் காட்டுவது கைப்பிடியை முறிப்பதற்குச் சமம். கையுறை அணிந்த கையின் பக்கவாட்டால் கைப்பிடியைச் சுற்றிலும் மெதுவாகத் தட்டி, பனித் துண்டுகளை உதிர்த்து, பின்புறக் குழியில் பனி நீக்கித் திரவத்தைச் செலுத்திச் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும்.

கதவோடு சமதளமாகப் பதிந்து, தேவைப்படும்போது மட்டும் வெளியே வரும் கைப்பிடிகள் இந்தத் தொல்லைக்கு மேலும் எளிதில் ஆளாகின்றன. வடிவமைப்பாளருக்கு அழகாகப்பட்டது பனிக்கும் அழகாகவே அமைந்துவிட்டது: பிடித்து இழுக்க எதுவும் வெளியே இல்லை. அவற்றின் ஓரங்களில் உறைந்த மெல்லிய பனி மோட்டாரைத் தடுத்து நிறுத்திவிடும். ஓரம் நெடுகத் தட்டிப் பனியை உடைத்த பிறகே மறுபடி திறக்க முயல வேண்டும். செயலி வழியாகக் காரை முன்கூட்டியே சூடாக்கும் வசதி இருந்தால் அதை இயக்கிக் காத்திருப்பது சிறந்த வழி.

அறிகுறி: கைப்பிடி தடையே இல்லாமல் தொளதொளவென்று வருகிறது, அல்லது தூக்கிய நிலையிலேயே நின்றுவிடுகிறது

தூக்கிய நிலையில் நின்றால் கேபிள் உறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கைப்பிடியிலிருந்து லாட்சுக்குப் போகும் எஃகுக் கேபிள் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஓடுகிறது. அந்த உறைக்குள் புகுந்த ஈரம் உறைந்தால் கேபிள் திரும்பி வராது. கைப்பிடியைக் கையால் பழைய நிலைக்குத் தள்ளிவிட்டு, வேறு கதவு வழியாக உள்ளே போய் உள்கைப்பிடியால் திறக்க முயல வேண்டும். பல கார்களில் உள்கைப்பிடிக்குத் தனிக் கேபிள் இருப்பதால் அது இயங்கக்கூடும்.

எதிர்ப்பே இல்லாமல் வந்தால் ஏதோ கழன்றுவிட்டது அல்லது அறுந்துவிட்டது என்று பொருள். இது பனி இளகினாலும் சரியாகாது. கதவின் உள்பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டிய வேலை. அதுவரை அந்தக் கதவை உள்ளிருந்தே திறந்துகொள்ளலாம்.

அறிகுறி: சாவி துளைக்குள் நுழையவில்லை, அல்லது நுழைந்தும் திரும்பவில்லை

சாவித் துளைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பித்தளைத் தகடுகள் சாவியின் பற்களுக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டும். அவற்றுக்கிடையே ஒரு துளி நீர் உறைந்தாலும் போதும். நீர் பனிக்கட்டியாகும்போது கொள்ளளவு ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும், தகடுகள் அசைய இடமே இராது. இங்கே சாவியை முறுக்கினால் சாவி வளையும், சில வேளை துளைக்குள்ளேயே முறியும்.

பூட்டுக்கான பனி நீக்கித் திரவத்தின் மெல்லிய மூக்கைத் துளைக்குள் வைத்துச் செலுத்தி, ஒரு நிமிடம் கழித்துச் சாவியை உள்ளும் வெளியுமாக நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும். கையைச் சுத்தம் செய்யும் ஆல்கஹால் ஜெல்லைச் சாவியில் தடவி நுழைப்பதும் பலன் தரும். வாயால் ஊதுவதில் பயனில்லை; மூச்சோடு போகும் ஈரம் உள்ளே சென்று உறையும். லைட்டரால் சாவியைச் சூடாக்கும் பழைய வழக்கத்தை இன்றைய சாவிகளில் கடைப்பிடிக்கக் கூடாது. அவற்றின் பிளாஸ்டிக் தலைக்குள் கார் எஞ்சினை இயங்க அனுமதிக்கும் சிப் இருக்கிறது. அது கெட்டால் கதவு திறந்த பின்பும் கார் கிளம்பாது.

பூட்டு திறந்து, உள்ளே உலர்ந்த பிறகு கிராஃபைட் தூளைச் சிறிதளவு செலுத்தலாம். முன்பே எண்ணெய் விட்ட பூட்டில் கிராஃபைட் போடக் கூடாது, இரண்டும் கலந்து பசையாகிவிடும். ரிமோட்டையே நம்பி ஆண்டுக்கணக்கில் சாவித் துளையைத் தொடாதவர்கள் குளிர்காலத்துக்கு முன் ஒருமுறையாவது சாவியை நுழைத்துத் திருப்பிப் பார்ப்பது நல்லது. பேட்டரி இறந்துபோன நாளில் எஞ்சுவது அந்தத் துளை ஒன்றுதான். சில கார்களில் அது கைப்பிடியின் ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

அறிகுறி: ரிமோட்டை அழுத்தினால் எந்த ஒலியும் இல்லை

இதற்குப் பனியைக் குற்றம் சாட்டுவதற்கு முன் இரண்டு பேட்டரிகளைச் சந்தேகிக்க வேண்டும். ரிமோட்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி குளிரில் சோர்ந்துபோகும். ரிமோட்டை உள்ளங்கையில் சிறிது நேரம் மூடிவைத்துச் சூடேற்றி மறுபடி அழுத்தினால் வேலை செய்தால், பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது. அப்படியும் ஒலி இல்லையென்றால் காரின் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கலாம். ஈய அமில பேட்டரியின் ஆற்றல் கடுங்குளிரில் பெரிதும் குறையும். பழைய பேட்டரிகள் முதல் கடுங்குளிரில்தான் தம் வயதைக் காட்டிக்கொடுக்கும். ரிமோட்டுக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியை உருவிக் கதவைத் திறக்க வேண்டும்.

மோட்டார் முனகும் ஒலி கேட்டும் ஒரு கதவின் பூட்டு மட்டும் விடுபடவில்லை என்றால் அந்தக் கதவின் பூட்டு இயக்கி ஈரத்தால் சிக்கியிருக்கிறது. உள்ளிருந்து கையால் பூட்டை விடுவிக்கலாம். பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் மோட்டாருக்குத்தான் கேடு. முழுக்க மின்சாரத்தால் திறக்கும் கதவுகள் உள்ள கார்களில் அவசரத்துக்கான கைவிசை எங்கே இருக்கிறது என்பதைக் கையேட்டில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சிலவற்றில் அது எளிதில் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

அறிகுறி: கதவு திறந்துவிட்டது, ஆனால் மூட மறுத்துத் துள்ளித் திரும்புகிறது

திறக்காத கதவைவிட ஆபத்தானது இதுவே. திறக்காத கதவு காரை நிற்க வைக்கும், மூடாத கதவோ ஓட்டிப்போகத் தூண்டும். கதவின் விளிம்பில் உள்ள லாட்சைக் குனிந்து பார்க்க வேண்டும். அதற்குள் ஆங்கில யு எழுத்தின் வடிவில் பிளவுபட்ட எஃகு நாக்கு ஒன்று அச்சில் சுழல்கிறது. கதவு மூடும்போது கதவுச் சட்டத்தில் உள்ள கம்பி வளையம் அந்தப் பிளவுக்குள் புகுந்து நாக்கைச் சுழற்றும். சுழன்ற நாக்கு திரும்பி வராமல் ஒரு சிறு தடைக்கட்டை ஸ்பிரிங் விசையால் வந்து விழுந்து பிடித்துக்கொள்ளும். இந்தப் பிடிப்பு இரண்டு படிகளில் நடப்பதால்தான் மெதுவாகச் சாத்திய கதவு பாதி மூடி நிற்கிறது.

குளிரில் இரண்டு விதமாக இது கெடும். ஒன்று, பழைய கிரீஸ் மெழுகுபோல் கெட்டிப்பட்டோ ஈரம் உறைந்தோ தடைக்கட்டை தன் இடத்தில் வந்து விழுவதில்லை. நாக்கு சுழன்றாலும் பிடிப்பு இல்லாமல் திரும்பிவிடும். மற்றொன்று, கதவு திறந்திருக்கும்போதே நாக்கு மூடிய நிலையில் சிக்கி நிற்கும். வளையம் பிளவுக்குள் நுழைய வழியின்றி மோதித் திரும்பும். இரண்டாவது நிலையில் கதவை ஓங்கிச் சாத்தினால் லாட்சோ வளையமோ வளைந்துவிடும்.

நாக்கு மூடிய நிலையில் இருந்தால் வெளிக் கைப்பிடியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தடைக்கட்டை விலகினால் நாக்கு தானாகத் திறந்துகொள்ளும். அசையாவிட்டால் லாட்சின் இடுக்குகளில் பனி நீக்கித் திரவத்தைத் தாராளமாக விட்டு, ஒரு ஸ்குரூ டிரைவரின் தண்டால் நாக்கை மெல்ல முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். இளகிய பிறகு அதே தண்டால் நாக்கைச் சுழற்றிப் பார்க்கும்போது இரண்டு முறை தெளிவான ‘டக்’ ஒலி கேட்டால் தடைக்கட்டை வேலை செய்கிறது என்று பொருள். சோதித்த பிறகு கைப்பிடியைத் தூக்கி நாக்கை மறுபடி திறந்த நிலைக்குக் கொண்டுவராமல் கதவைச் சாத்தக் கூடாது.

இவ்வளவு செய்தும் பிடிக்கவில்லை என்றால் கயிற்றால் கட்டியோ, ஒருவர் கையால் பிடித்துக்கொண்டோ ஓட்டிப்போக முயல வேண்டாம். காரை நின்ற இடத்திலேயே வைத்து, ஹீட்டரை முழு அளவில் ஓடவிட்டு, கதவைச் சாத்தினாற்போல் வைத்திருந்தால் லாட்ச் இளகும் வாய்ப்பு உண்டு. பின்னொரு நாள் வெயிலில் லாட்சை நன்றாகக் கழுவி உலர்த்தி, குளிரில் கெட்டிப்படாத வெள்ளை லித்தியம் கிரீஸைப் பூசினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அத்துடன் தீரும்.

அறிகுறி: கண்ணாடி இறங்கவில்லை, அல்லது கதவு திறக்கும்போது கண்ணாடி மேல் ரப்பரில் மாட்டுகிறது

சுவிட்சை அழுத்தியும் கண்ணாடி அசையாவிட்டால் உடனே கையை எடுத்துவிட வேண்டும். மோட்டார் இழுக்க, கண்ணாடி உறைந்து நிற்க, இடையில் உள்ள கேபிளோ பிளாஸ்டிக் பிடிப்போதான் உடையும். ஃபியூஸ் போவது அதனினும் நல்ல விளைவு. கார் உள்ளே சூடாகும்வரை கண்ணாடியை மறந்துவிடலாம்.

கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இல்லாத கதவுகளில் இது கதவையே பாதிக்கும். அந்த வகைக் கார்களில் கைப்பிடியைத் தூக்கியதும் கண்ணாடி சில மில்லிமீட்டர் தானாக இறங்கி, மேல் ரப்பரை விட்டு விலகிய பிறகே கதவு திறக்க வேண்டும். உறைந்த கண்ணாடி இறங்காது; அப்போது கதவை இழுத்தால் கண்ணாடியின் விளிம்பு மேல் ரப்பரையும் ஓரப்பட்டையையும் இழுத்துக்கொண்டு வரும். மேல் விளிம்பு நெடுகிலும் பனி நீக்கித் திரவத்தைத் தெளித்து, கைப்பிடியைத் தூக்கும்போது கண்ணாடி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பின்பே கதவை இழுக்க வேண்டும். சிலிகான் பூச்சு இந்தக் கதவுகளுக்குக் கட்டாயம், அதுவும் கண்ணாடி நுழையும் மேல் பள்ளத்தில்.

அறிகுறி: பின்கதவு வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளிருந்து திறக்கவில்லை

இது பனி அன்று. கதவின் விளிம்பில், குழந்தைகள் உள்ளிருந்து திறக்காமல் தடுக்கும் சைல்டு லாக் சுவிட்சைப் பார்க்கவும்.

அறிகுறி: எல்லாக் கதவுகளும் நன்றாக இருக்க, ஒரே கதவு மட்டும் திரும்பத் திரும்ப உறைகிறது

இங்கே வானிலையை விட்டுவிட்டு அந்தக் கதவை ஆராய வேண்டும். முதல் சோதனைக்கு ஒரு துண்டுத் தாள் போதும். தாளை ரப்பரின் மேல் வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இழுபட்டால் ரப்பர் அழுந்துகிறது, வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. விளிம்பு நெடுகச் சாண் சாணாக இதைச் செய்தால் நீர் புகும் இடம் அகப்பட்டுவிடும். ரப்பர் கிழிந்திருந்தால் அதற்கென உள்ள கறுப்புப் பசையால் ஒட்டலாம். நசுங்கித் தட்டையாகிப் போயிருந்தால் மாற்றுவதே வழி. ரப்பர் நன்றாக இருந்தும் இடைவெளி தெரிந்தால் கீல் தொங்கிக் கதவு இறங்கியிருக்கக்கூடும்.

அடுத்ததாகக் கதவை வேகமாக ஆட்டிப் பார்த்து, உள்ளே நீர் சலசலக்கிறதா என்று கேட்க வேண்டும். கண்ணாடிக்கும் கதவுத் தகட்டுக்கும் இடையில் உள்ள பட்டை வழியாக மழைநீர் ஓரளவு கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் வழியாக வெளியேற வேண்டும் என்றே அமைத்திருக்கிறார்கள். அந்தத் துளைகள் சேற்றாலும் இலைத் துணுக்குகளாலும் அடைபட்டால் கதவுக்குள் நீர் தேங்கி, கீழ் விளிம்பை உறைய வைக்கும். லாட்சுக்கும் கேபிளுக்கும் ஈரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் துளைகளைக் குத்தித் திறந்தால் சில வேளை ஒரு குவளை நீர் கூடக் கொட்டும். கூரான கம்பியால் குத்தினால் உள்ளே பெயின்ட் கீறி, துரு அங்கிருந்து புறப்படும்.

கதவுகள் எல்லாமே அடிக்கடி உறைந்து, கண்ணாடியின் உட்புறத்திலும் பனி படிகிறதென்றால் ஈரம் காருக்குள்ளேயே இருக்கிறது. காலணியில் ஒட்டி வந்த பனி கால் வைக்கும் தரைவிரிப்பில் உருகி, ஹீட்டரின் சூட்டில் ஆவியாகி, கார் நின்ற பிறகு குளிர்ந்த ரப்பரிலும் கண்ணாடியிலும் போய்ப் படிகிறது. அந்த விரிப்புகளை எடுத்து உலர்த்த வேண்டும். காரை நிறுத்தியதும் கதவுகளை ஒரு நிமிடம் திறந்து வைத்து, வெதுவெதுப்பான ஈரக் காற்றை வெளியே விட்டுவிட்டுப் பூட்டினால் மறுநாள் வித்தியாசம் தெரியும்.

உறையும் இரவுக்கு முன் செய்ய வேண்டியவை

கூரையில் பனியை வைத்துக்கொண்டே ஓட்டி வந்து நிறுத்துவது அடுத்த நாள் உறைவுக்கு நாமே இடும் விதை. உட்புறச் சூட்டில் கூரைப் பனியின் அடிப்பகுதி இளகி, கதவின் மேல் இடுக்கில் இறங்கி, எஞ்சின் அணைந்த பிறகு உறைகிறது. கிளம்பும் முன்பே கூரையைத் துடைத்துவிட வேண்டும். இதே காரணத்தால் சூடான கொட்டகையில் இளகி நனைந்த காரை அப்படியே வெளியே கொண்டுவந்து நிறுத்துவதும் தவறு. கதவு ஓரங்களைத் துடைத்த பின்பே வெளியே விட வேண்டும்.

சாலையில் தூவும் உப்பைக் கழுவிப் போக்கக் குளிர்காலத்திலும் காரைக் கழுவ வேண்டியிருக்கும். அதை வெப்பநிலை 0 டிகிரிக்கு மேல் இருக்கும் நண்பகலில் வைத்துக்கொண்டு, கழுவியதும் எல்லாக் கதவுகளையும் டிக்கியையும் திறந்து ரப்பரையும் சட்டத்தையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். அதன் பிறகு கதவுகளை இரண்டு மூன்று முறை திறந்து மூடி, மடிப்புகளில் தங்கிய நீர் வெளிவந்ததும் மறுபடி துடைக்க வேண்டும். உயரழுத்த நீரைச் சாவித் துளைக்கு நேராகவோ ரப்பரின் உதட்டுக்கு நேராகவோ பீய்ச்சக் கூடாது.

விழுந்தவுடன் உறையும் மழை வரும் என்று அறிவிப்பு இருந்தால், கதவுச் சட்டம் முழுவதையும் மறைக்கும்படி ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து அதன் மேல் கதவை மூடிவிடலாம். ரப்பர் உலோகத்தைத் தொடாததால் ஒட்ட வழியில்லை. பார்ப்பதற்குக் கேலியாக இருந்தாலும் காலையில் தாளை உருவி எறிந்துவிட்டுக் கிளம்பலாம். காரை முழுதாக மூடும் உறை, கார் உலர்ந்திருக்கும்போது மட்டுமே உதவும்; நனைந்த காரின் மேல் போட்ட உறை தானும் சேர்ந்து உறைந்து, பிறகு அதை உரிப்பதே ஒரு வேலையாகிவிடும்.

பெட்ரோல் டேங்க் மூடிக்கும், மின்சாரக் காரின் சார்ஜ் வாய் மூடிக்கும் இதே விதிகள் பொருந்தும்: ஓரங்களைத் தட்டிப் பனியை உடைப்பது, நெம்பாமல் இருப்பது, உலர்ந்த நாளில் ரப்பரில் சிலிகான் பூசுவது. சார்ஜ் வாய்க்குள் மட்டும் எந்தத் திரவத்தையும் தெளிக்கக் கூடாது.

பனி நீக்கித் திரவத்தையும் பூட்டுக்கான சிறு குப்பியையும் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அவை இருக்க வேண்டிய இடம் வீட்டு வாசல் அருகே அல்லது மேலங்கியின் பை.